ஞாயிற்றுக்கிழமை வேலையும் திங்கட்கிழமைப் படுக்கையும்

கம்பம் பள்ளத்தாக்கில், குமுளி மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பதினெட்டு வருடமாக மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் கவாத்து வேலைக்கும் போகிறார். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து சோறு, குழம்பு, நான்கு பேருக்குத் தூக்குவாளி. ஐந்தே முக்காலுக்கு ஜீப். திரும்பும்போது மாலை ஆறு. பிறகு தண்ணீர், பாத்திரம், ராத்திரிச் சமையல். இரண்டு வருடத்துக்கு முன் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கின. அரசு மருத்துவமனையில் பரிசோதித்து முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்றார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்களே, அதுதான். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், கூடவே ஃபோலிக் ஆசிடும் தந்திருக்கிறார்கள். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. அசதி மட்டும் போகவில்லை.

"வலியக்கூடப் பொறுத்துக்கிறேன் டாக்டரம்மா, இந்த அசதியத்தான் தாங்க முடியல. கையில கரண்டி இருக்கும், கிண்டத் தெம்பு இருக்காது" என்று எழுதியிருக்கிறார். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் இன்னும் சோர்வதால் காய் எடுப்பு மும்முரத்தில் சில வாரம் விட்டுவிட்டு, அடுத்த வாரம் சேர்த்து இரண்டு பங்காகச் சாப்பிட்டிருக்கிறார். மருந்துக் கடையில் கொடுத்த 'சின்ன வெள்ளை மாத்திரை' போட்ட அன்று மட்டும் பறக்கிற மாதிரி இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை உடம்பு கொஞ்சம் தேறினால் ஒரு வாரத்துத் துணி, மாவு, வீடு கழுவுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கிறார். திங்களும் செவ்வாயும் எழுந்திருக்க முடிவதில்லை. கணவர், "மருந்து சாப்பிட்டும் என்ன அசதி? உடம்பு வணங்கல, அவ்வளவுதான்" என்கிறார். மாதம் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்ளலாமா, தோட்ட வேலையை விட்டுவிடலாமா, அரசு உதவிக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

என்னை டாக்டரம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருந்து எழுதித் தரும் மருத்துவர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயோடு இருப்பவர் சமைப்பது, குளிப்பது, கூலிக்குப் போவது இவற்றையெல்லாம் உடம்பு கெடாமல் எப்படிச் செய்வது என்று பார்ப்பதுதான் என் வேலை. மருந்து பற்றி இங்கே நான் சொல்வதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் அசதி நிஜமானது. முடக்குவாதம் மூட்டோடு நிற்கும் நோய் இல்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் சொந்த மூட்டையே தாக்குகிறது. அப்போது இரத்தத்தில் சுரக்கும் சில பொருள்கள் மூளை வரைக்கும் போகின்றன. காய்ச்சல் வந்த அன்று எதிலும் மனம் ஒட்டாமல் சுருண்டு படுக்கத் தோன்றுமே, அதைச் செய்வதும் இதே பொருள்கள்தான். காய்ச்சல் நாலு நாளில் போய்விடும். உங்களுக்கு அது அடங்கியும் அடங்காமலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலோடு மலையேறிக் காய் எடுக்கிற பெண்ணைப் பார்த்து உடம்பு வணங்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எல்லா அசதியையும் நோயின் தலையிலேயே கட்டிவிடவும் கூடாது. இரத்த சோகை, தைராய்டு குறைவு, வலியால் கெடும் தூக்கம், மனச்சோர்வு இவை ஒவ்வொன்றும் தனியாகவே ஆளைச் சாய்க்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியமும் உண்டு. உங்கள் கடிதத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றே இல்லை. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்த சோகை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி எத்தனை தடவை வலியில் விழிக்கிறீர்கள் என்பதையும், அழுகை வருகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

குளுக்கோஸ் பாட்டில்

வேண்டாம். சாதாரணமாக ஏற்றும் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஐந்து தேக்கரண்டி அளவு. மீதி எல்லாம் தண்ணீர். கிட்டத்தட்ட அதே அளவை நீங்கள் இரண்டு மூன்று டம்ளர் காபியில் குடித்துவிடுவீர்கள். ஏற்றிக்கொண்ட அன்று தெம்பாக இருப்பது உண்மைதான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தீர்கள், யாரோ ஒருவர் உங்களைக் கவனித்துக்கொண்டார். அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டிலேயே பாயில் படுத்து எடுத்துக்கொள்ளலாம். பணமும் மிஞ்சும், ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் பயமும் இல்லை.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். மருத்துவர் அளவு பார்த்துத் தரும்போது அது நல்ல மருந்து. நாமாக வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

வாரத்து மாத்திரை

இதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்லக்கூடாது என்று தோன்றுகிறது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. விட்டுப்போன வாரத்துக்காக இரண்டு பங்கு சாப்பிடக் கூடாது. தவறித் தினமும் சாப்பிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். மறுநாள் சோர்வு பலருக்கும் வருகிறது. அதற்காக மருந்தை விட்டால் உள்ளே நோய் மறுபடி கிளம்பும், அசதி இன்னும் கூடும். எந்தக் கிழமை சாப்பிடுவது என்பதை மாற்றிக்கொள்ள முடியும். சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி மாற்றினால் சோர்கிற நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும், கூலி போகாது. வாயில் புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல், கறுப்பாக மலம் போவது இவற்றில் எது வந்தாலும் ஞாயிறு வரை காத்திராமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

சனி ராத்திரி மாத்திரை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீடு கழுவுவது நடக்காது. நடக்கவும் கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

நானும் இந்தப் பள்ளத்தாக்குக்காரிதான். பெரியாறு அணையில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருடம் வாய்க்காலில் என்ன செய்வார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறை வைப்பார்கள். மதகை முழுக்கத் திறந்து ஒரே நாளில் எல்லா வயலையும் நனைத்துவிட்டு, பத்து நாள் காயப்போட மாட்டார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மதகை முழுக்கத் திறந்துவிடுகிறீர்கள். தெம்பு இருக்கிறதே என்று எட்டு மணி நேர வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறீர்கள். திங்களும் செவ்வாயும் படுக்கை. இரண்டு நாள் கூலி போகிறது. புதன்கிழமை அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் வேகமாக ஓடுகிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்களைக் கீழே தள்ளுவது கெட்ட நாள் இல்லை, நல்ல நாள்தான்.

அசதி வந்த பிறகு உட்காருவதுதான் ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அசந்து விழுந்த பின் எடுக்கிற ஒரு மணி நேர ஓய்வைவிட, விழுவதற்கு முன் எடுக்கிற பத்து நிமிடம் உடம்புக்கு அதிகம் உதவும். எத்தனை நேரத்தில் விழுகிறீர்கள் என்று தெரிந்தால்தானே முன்னால் நிறுத்த முடியும்? பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தெம்பான நேரத்துக்கு ஒரு கோடு, தாங்க முடியாத நேரத்துக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் அதற்கு முன் செய்த வேலை. ஒரு மணி நேரம் நின்றால் புள்ளி விழுகிறது என்று தெரிந்தால், முக்கால் மணி நேரத்தில் உட்காருங்கள். தெம்பாக இருந்தாலும் உட்காருங்கள். ஆரம்பத்தில் இது மிகவும் கஷ்டம். நம் பெண்களுக்கு வேலை பாதியில் கிடக்க உட்காருவதைப்போல் மனசை அறுப்பது வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஏழாகப் பிரியுங்கள். தினம் அவரவர் துணியில் இரண்டு உருப்படி, குளிக்கும்போதே. மாவு புதன் ராத்திரி. வீடு கழுவுவது மாதம் ஒருமுறை போதும். மற்ற நாள் நீளக் காம்பு மாப்பில் துடைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அடுப்படியும் தண்ணீர்க் குடமும்

ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடித்தால் 15 கிலோ. எட்டு குடம் என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து வந்த பிறகு, வீங்கிய மணிக்கட்டோடு, நாளைக்கு 120 கிலோ. இதை நீங்கள் செய்யவே கூடாது. பிளஸ் டூ படிக்கிற பையன் இருக்கிறான். "ஆம்பளப்பிள்ள குடம் தூக்குனா ஊரு பேசும்" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். குடத்தில் எடுத்தால்தானே பேசும்? இரண்டு கேனைச் சைக்கிளில் கட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். நீங்களே எடுத்தாக வேண்டிய நாளில் ஐந்து லிட்டர் வாளியில், கைப்பிடியை விரலால் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். சின்ன மூட்டுக்குப் பதில் பெரிய மூட்டு சுமக்கட்டும் என்பதுதான் கணக்கு.

சோறு வடிப்பது உங்களைப் போன்றவர்களுக்குச் சமையலிலேயே மோசமான வேலை. கொதிக்கிற பானையைச் சாய்த்துப் பிடிக்கும்போது முழு எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது. குக்கர் சோறு வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்றால், கண்ணுள்ள கரண்டியால் சோற்றை அரித்து எடுத்து ஹாட்பாக்ஸில் போடுங்கள். கஞ்சியைக் கணவர் எழுந்ததும் ஊற்றட்டும். காய் நறுக்குவதை ராத்திரி உட்கார்ந்த இடத்தில் முடித்து வையுங்கள். அரிவாள்மனைக்காகக் குந்துவதும் எழுவதும் முட்டியைக் கெடுக்கும்; நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பலகை வைத்துக் கத்தியால் நறுக்கலாம். கத்தி, கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பருமனாக்கினால் விரலை இறுக்கி மடக்க வேண்டியதில்லை. நான் யாருக்கும் முதலில் சொல்வது இந்த டியூப் வைத்தியம்தான். காசில்லாதது, அன்றைக்கே பலன் தெரியும். தேங்காய் துருவுவது வாரத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே தேவை என்று யோசியுங்கள். துணியைப் பிழியாதீர்கள், குழாயில் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முன்னங்கையால் திருகுங்கள், அல்லது சொட்டச் சொட்டவே காயப்போடுங்கள்.

மூன்றரை மணிக்கு எழுவதை நாலே காலாக்க முடியுமா என்று பாருங்கள். குழம்பு ராத்திரியே வைத்துவிட்டால் முடியும். முக்கால் மணி நேரத் தூக்கம் எந்தத் தெம்பு மாத்திரையும் தராததைத் தரும். எழுந்ததும் விரல் மடங்காத நேரத்தில் வேலையைத் தொடங்காமல், வெந்நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து மெல்ல விரித்து மடக்குங்கள். குளிக்க ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் உங்கள் இஷ்டத்துக்கு உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். ஏலச் செடியின் காய்ச்சரம் தூரோடு தரையில் கிடக்கிறது. குனியாமல் காய் எடுக்க வழியில்லை. ஆனால் பையை நிரம்ப விடாமல் பாதியிலேயே கொட்டலாம். இரண்டு தூருக்கு ஒருமுறை கையை மாற்றலாம். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருக்காமல் பத்து நிமிடம் சாய்ந்து கண்மூடலாம். ஈரமும் குளிரும் விரலை இறுக்கும், மழைக் காலத்தில் மணிக்கட்டுக்குப் பழைய காலுறையை வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள். கங்காணியிடம் நோயைச் சொல்லலாமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. சொன்னால் ஜீப்பில் இடம் போய்விடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஒரே ஜீப்பில் வரும் நம்பிக்கையான ஒருத்தியிடமாவது சொல்லி வையுங்கள். மூட்டை தூக்கும் வேளையில் ஒரு கை கிடைக்கும்.

இன்னொன்று. தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிகிறோமே, தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று தோன்றும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாத் தசையையும் சீராக வலுவாக்காது, சில மூட்டுகளையே வருத்தும். முடக்குவாத அசதிக்கு மெதுவான, சீரான உடற்பயிற்சி உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்களும் உண்டு. உங்கள் ஊர் செவிலியரிடம் விசாரியுங்கள். (வேறு நோயால் அசதிப்படும் வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் உழைத்தாலும் மறுநாள் முழுக்க விழுந்துவிடும் நாட்பட்ட களைப்பு நோய்க்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தரக்கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது.)

வேலையை விடுவதா?

இப்போதே விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கூலியில்தான் பையன் படிக்கிறான், ஜீப்பில்தான் உங்கள் சிநேகிதிகள் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தால் ஓய்வு கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. "சும்மாதானே இருக்க" என்று மாமியார் வேலையைக் கூட்டினால் இரண்டும் போய்விடும். வாரம் ஆறு நாளை நான்காக்கி, நடுவில் புதனையும் இன்னொரு நாளையும் விட்டுப் பார்க்கலாம். இப்போதும் படுக்கையில் இரண்டு நாள் போகிறதே, கூலிக் கணக்கு ஒன்றுதான். நாம் குறித்து விடுகிற நாள் என்றால் மூட்டுக்கு அவ்வளவு சுமை இல்லை.

போடி பக்கம் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகச் சொல்கிறார் உங்கள் அண்ணி. மலையும் மழையும் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்கக் கிள்ளிக்கொண்டே இருக்கும் வேலை அது. உங்கள் நோய் பிடித்திருப்பது அந்த மூட்டுகளைத்தான். போவதானால் நாற்காலி, மேசை உயரம் கிடைக்கிற இடமா என்று பார்த்து, ஒரு வாரம் செய்துபார்த்து, காலண்டரில் புள்ளி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முடக்குவாதம் அதில் தனிப்பெயராக இல்லை, அசதிக்கு விழுக்காடு போடும் முறையும் இல்லை. மூட்டு மடங்காமலோ கோணியோ நிலைத்துவிட்டால் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் அளப்பார்கள். பெரும்பாலான உதவிகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். உங்கள் மூட்டு இன்னும் கோணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தை விடாமல் சாப்பிட்டால் அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் தகுதி பெறாமலே போகலாம், நான் விரும்புவதும் அதைத்தான். பின்னால் தேவைப்பட்டால், யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். மலைக்கு மேலே கேரளத்திலும் அதே அட்டைதான்.

கடைசிப் பத்தியை உங்கள் கணவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் மனைவி இந்தக் கடிதத்தில் உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்ன ஒரு சொல்லை மட்டும் எழுதி, அதற்குக் கீழே "அவுகளும் பாவம், லோடு ஏத்தி வர்றவுக" என்று எழுதியிருக்கிறார். அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரோடு நீங்களும் போய் வாருங்கள். இந்த அசதி எதனால் என்று மருத்துவர் வாயாலேயே கேளுங்கள். அதுவரைக்கும், ராத்திரி படுக்கும் முன் அடுப்படி டிரம்மை நிரப்பிவைப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் அவர் தூக்கும் முதல் எடை அந்தக் குடமாக இருக்க வேண்டாம்.